வீட்டுக்கடன் வட்டியும் வங்கிகள் மீதான கோபமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 மே மாதம் தொடங்கி பத்தே மாதங்களில் வீட்டுக்கடன் வட்டி இரண்டரை சதவீதம் ஏறியது. அன்று எழுந்த சந்தேகங்கள், 2025இல் வட்டி இறங்கிய பிறகும் ஓயவில்லை. "எங்களைக் கேட்காமலே தவணைக் காலத்தை நீட்டிவிட்டார்கள்", "புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டி, பழைய ஆளுக்குக் கூடுதல் வட்டியா?" என்ற இரண்டு கோபங்கள்தான் பெரும்பாலான கேள்விகளுக்கு அடியில் இருக்கின்றன. இரண்டும் நியாயமான கோபங்கள். அவற்றை எங்கே, எப்படிக் காட்டினால் பலன் கிடைக்கும் என்பதற்காக இந்தத் தொகுப்பு. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன.

வட்டியை ஏத்தினது பேங்க்கா, ரிசர்வ் பேங்க்கா? யார்கிட்ட கோபப்படறது?

ஏற்றத்தைத் தொடங்கியது ரிசர்வ் வங்கி. வங்கிகளுக்கு அது குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ. கொரோனா காலத்தில், 2020 மே மாதம், அது 4.00 சதவீதத்துக்கு இறங்கியது. 2022 ஏப்ரலில் சில்லறை விலை பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி, அதிகபட்சம் 6க்குள் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படியான இலக்கு. ஆகவே மே 4 அன்று, வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் ரெப்போவை 4.40 ஆக்கினார்கள். ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பர் கடைசியில் 5.90, டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரியில் 6.50 என்று ஏறியது.

ரெப்போ ஏறியதற்கு உங்கள் கிளை மேலாளரைக் கோபிப்பதில் பயனில்லை. அதற்குமேல் வங்கி என்ன சேர்த்தது, ஏறியதை உங்களுக்குச் சொன்னதா, தவணையை ஏற்றவா காலத்தை நீட்டவா என்று கேட்டதா, இறங்கியபோது இறக்கியதா ஆகிய நான்கும் வங்கியின் பொறுப்பு. கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் அவைதான்.

ஃப்ளோட்டிங்னு கையெழுத்து போட்டது உண்மைதான். ஆனா என் வட்டி எப்படித்தான் கணக்காகுது?

ஃப்ளோட்டிங் என்றால் கடன் காலத்தில் ஏறி இறங்கும் வட்டி. 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கியில் வாங்கிய ஃப்ளோட்டிங் வீட்டுக்கடன் என்றால், வட்டி ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போ. அதற்கு மேல் வங்கி சேர்ப்பது ஸ்பிரெட். 2021இல் ரெப்போ 4.00ஆக இருந்தபோது 6.90க்குக் கடன் வாங்கினீர்கள் என்றால் உங்கள் ஸ்பிரெட் 2.90. ரெப்போ 6.50 ஆனதும் உங்கள் வட்டி 9.40. ரெப்போ மாறினால் உங்கள் வட்டியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மாற்றப்பட வேண்டும்.

2016 ஏப்ரல் முதல் 2019 செப்டம்பர் வரை வாங்கியவர்களின் கடன் பெரும்பாலும் எம்.சி.எல்.ஆர். முறையில் இருக்கும். அதற்கு முன் 2010 ஜூலை முதல் பேஸ் ரேட். இவை இரண்டும் வங்கி தன் செலவை வைத்துத் தானே கணக்கிடுபவை. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு வெளி அளவுகோல் கட்டாயமே இல்லை. அவை பி.எல்.ஆர். என்ற தங்கள் அடிப்படை வட்டி விகிதத்தைத் தாங்களே நிர்ணயிக்கும். நீங்கள் இதில் எந்த வகை என்று தெரியாமல் அடுத்த கேள்விகளுக்குப் போகாதீர்கள். அனுமதிக் கடிதத்தில் அது இருக்கும்.

இ.எம்.ஐ. ஏறவே இல்லை. அப்போ எனக்குப் பாதிப்பு இல்லைதானே?

அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இப்படி நினைத்தவர்கள்தான். இ.எம்.ஐ. மாறவில்லை என்றால் காலம் நீண்டிருக்கிறது என்று பொருள். 30 லட்சம், 20 ஆண்டு, 7 சதவீதம் என்று ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 23,259 ரூபாய், மொத்தம் 240 தவணை. கடன் வாங்கிய உடனே வட்டி ஏறியதாகவும், தவணையைத் தொடவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 8 ஆனால் 296 தவணை. 8.5 ஆனால் 347. 9 ஆனால் 458, அதாவது 38 ஆண்டுக்கும் மேல். 35 வயதில் வாங்கியவர் 73 வயதில் முடிப்பார்.

அதே 9 சதவீதத்தில் காலத்தை 20 ஆண்டாகவே வைத்துத் தவணையை 26,992 ஆக்கியிருந்தால் மொத்த வட்டி சுமார் 34.8 லட்சம். தவணையைத் தொடாமல் காலத்தை ஓடவிட்டால் சுமார் 76.5 லட்சம். மாதம் 3,733 ரூபாய் கூடக் கட்டாததற்கு விலை, கூடுதலாக 41 லட்சத்துக்கும் மேல். இதை ஒரு குறுஞ்செய்தியில்கூடச் சொல்லாமல் செய்ததுதான் பெரிய அநியாயம்.

கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள் இந்த அளவு பயப்பட வேண்டாம். 10 லட்சம் பாக்கி, 5 ஆண்டு மீதி, தவணை 19,801 என்ற நிலையில் வட்டி 7இலிருந்து 9.5க்குப் போனாலும் சுமார் 5 தவணைதான் கூடும். அடி விழுவது 2020, 2021இல் புதிதாக வாங்கியவர்கள் மேல்தான்.

ஒரு மாசம்கூட தவறாம கட்டியிருக்கேன். பாக்கி குறையறதுக்குப் பதிலா கூடியிருக்கே, இது எப்படி சாத்தியம்?

மேலே சொன்ன 30 லட்சக் கடனில் வட்டி 9.5 ஆகிவிட்டால், ஒரு மாத வட்டி மட்டுமே 23,750 ரூபாய். தவணையோ 23,259. வட்டிக்கே 491 ரூபாய் குறைகிறது. அந்தக் குறை அசலில் சேரும். அடுத்த மாதம் அதற்கும் வட்டி. கடன் வாழ்நாளுக்கும் முடியாது.

2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதை வெளிப்படையாகத் தடுக்கிறது. காலத்தை நீட்டுவதால் தவணை வட்டியைக்கூட ஈடுகட்டாத நிலை வரக் கூடாது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் எந்த மாதமாவது வட்டிப் பகுதி தவணையைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள். புகாருக்கு அதைவிட வலுவான ஆதாரம் வேண்டாம்.

காலத்தை நீட்டறதுக்கு முன்னாடி என்னைக் கேட்கணும்னு சட்டம் இருக்கா?

இருக்கிறது. அதே சுற்றறிக்கைதான். 2023 டிசம்பர் 31க்குள், பழைய கடன்களுக்கும் சேர்த்து, எல்லாரும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு வைத்தார்கள். வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வீட்டுக்கடன் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வட்டி மாறினால் தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதா என்ற தேர்வு உங்களுடையது. எப்போது வேண்டுமானாலும் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கட்டவும் இடம் கொடுக்க வேண்டும்.

காலாண்டுக்கு ஒரு முறை ஸ்டேட்மென்ட் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இதுவரை வசூலான அசல், இதுவரை வசூலான வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை எளிதில் புரியும்படி இருக்க வேண்டும். இதில் முதலில் பார்க்க வேண்டியது மீதித் தவணை எண்ணிக்கை. போன காலாண்டில் 212 என்று இருந்தது இந்தக் காலாண்டில் 209 ஆகியிருக்க வேண்டும். 230 ஆகியிருந்தால் உங்களைக் கேட்காமல் நீட்டிவிட்டார்கள்.

பிராஞ்ச்ல போய் என்ன கேட்கணும்? போனா "சிஸ்டம் பண்ணுது சார்"னு சொல்லி அனுப்பிடறாங்க.

வாயால் கேட்காதீர்கள். கடன் கணக்கு எண்ணோடு ஒரு கடிதம் எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள், அல்லது வங்கியின் குறைதீர் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கடிதத்தில் இவற்றைக் கேளுங்கள்: என் கடன் எந்த அளவுகோலில் இருக்கிறது, கடன் தொடங்கிய நாளில் ஸ்பிரெட் எவ்வளவு, இன்று எவ்வளவு, வட்டி மாறிய ஒவ்வொரு தேதியும் அன்றைய விகிதமும், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மீதித் தவணை எத்தனை, காலத்தை நீட்ட என் சம்மதம் எந்தத் தேதியில், எந்த வடிவில் பெறப்பட்டது. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் பல கிளைகள் மேலிடத்துக்கு அனுப்பும். அனுப்பட்டும், நல்லதுதான்.

"மீதியைப் பழைய முடிவுத் தேதிக்குள் முடிக்கும்படி தவணையை மாற்றித் தரவும்" என்று கோரிக்கையையும் அதே கடிதத்தில் வையுங்கள். ஒரு நுணுக்கம்: உங்கள் சம்பளக் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்க நீங்கள் கொடுத்திருக்கும் நாச் அனுமதிக்கு உச்சத் தொகை ஒன்று உண்டு. புதிய தவணை அதைத் தாண்டினால் புது அனுமதி கையெழுத்திட வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் தவணை திரும்பிப்போய், அபராதமும் வந்து, கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் அடிபடும்.

தவணையை முழுசா ஏத்தக் கட்டுப்படியாகலை. பாதியாவது ஏத்தினா பிரயோஜனம் இருக்கா?

நிறைய இருக்கிறது. அதே 30 லட்சக் கடனை 9.5 சதவீதத்தில் 20 ஆண்டில் முடிக்க 27,964 ரூபாய் தேவை. அதாவது 4,705 கூட. அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாக, 25,500 மட்டும் கட்டினால் சுமார் 340 தவணை. முடிவே இல்லாத கடன் 28 ஆண்டுக் கடனாகிவிடும். சம்பளம் கூடும் ஆண்டுகளில் மேலும் ஏற்றிக்கொள்ளலாம்.

கையில் மொத்தமாகப் பணம் வந்தால் சீக்கிரம் கட்டுங்கள். 30 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு, தவணை 26,035 என்ற கடனில் தொடக்கத்திலேயே ஒரு லட்சம் அசலில் கட்டினால் ஏறக்குறைய 20 தவணை குறையும். அது 5 லட்சம் ரூபாய்க்கும் மேல். கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் சில வங்கிகள் தவணையைக் குறைத்துவிடும். முன்பணமாக அடுத்த தவணைகளுக்கு வரவு வைத்துவிடுவதும் நடக்கிறது. அப்படியானால் வட்டி குறையாது. ஒரு வாரம் கழித்து அசல் பாக்கியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். அதற்காக வீட்டில் அவசரத்துக்கு இருக்கும் பணத்தைத் துடைத்துக் கட்டிவிட வேண்டாம். மருத்துவமனைச் செலவுக்கு 14 சதவீதத்தில் தனிநபர் கடன் வாங்க நேர்ந்தால் லாபமெல்லாம் போய்விடும்.

முன்கூட்டியே கட்டினா பெனால்டி போடுவாங்களே?

தனிநபர் வாங்கிய ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனுக்கு வங்கிகள் முன்கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012 ஜூனிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுவிட்டது. சொந்தப் பணத்தில் கட்டினாலும், வேறு வங்கிக்கு மாறினாலும் அதே விதிதான். ஃபிக்ஸட் வட்டிக் கடனுக்குக் கட்டணம் இருக்கலாம். ஒப்பந்தத்தில் பாருங்கள்.

ரெப்போ குறைஞ்சு எவ்வளவு நாளாச்சு! என் இ.எம்.ஐ. அப்படியே இருக்கே?

2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6.00, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று ரெப்போ இறங்கியது. தவணை மாறாததற்குக் காரணங்கள் பலவாக இருக்கலாம். வட்டி குறைந்து, தவணைக்குப் பதில் காலம் குறைந்திருக்கலாம். முன்பு நீண்ட காலம் திரும்பச் சுருங்குகிறது என்றால் அது உங்களுக்கு நல்லதே. உங்கள் மூன்று மாத மாற்றத் தேதி இன்னும் வராமல் இருக்கலாம். அல்லது உங்கள் கடன் எம்.சி.எல்.ஆர். அல்லது பி.எல்.ஆரில் இருக்கலாம், அவை ஏறும் வேகத்தில் இறங்குவதில்லை.

ரெப்போ கடன் என்றால் சரிபார்ப்பது எளிது. இரண்டாம் கேள்வியில் வந்த 2.90 ஸ்பிரெட்டை இன்றைய ரெப்போவுடன் கூட்டுங்கள். 5.25 என்றால் 8.15. உங்கள் ஸ்டேட்மென்ட் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால், ஸ்பிரெட் எப்போது, ஏன் கூடியது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஸ்பிரெட்டை அவங்க இஷ்டத்துக்கு மாத்தலாமா?

புதுக் கடனுக்கு எவ்வளவு ஸ்பிரெட் வைப்பது என்பது வங்கியின் விருப்பம். கொடுத்த பிறகு அப்படி இல்லை. அதில் உங்கள் நம்பகத்தன்மைக்கான பகுதியை, உங்கள் கடன் மதிப்பீடு பெரிதாக மாறினால்தான் மாற்றலாம். தவணைகள் திரும்பிப்போனால் இது நடக்கலாம். மற்ற பகுதிகளை மூன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம்.

2025 அக்டோபர் 1 முதல் ஒரு தளர்வு வந்திருக்கிறது. வாடிக்கையாளருக்குச் சாதகமாகக் குறைப்பதென்றால் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. குறைத்துத் தரச் சொல்லி நீங்கள் கேட்கும்போது "மூணு வருஷம் ஆகணும்" என்று சொன்னால் இதை எடுத்துக்காட்டுங்கள். குறைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் விதி தடுக்கிறது என்று இனிச் சொல்ல முடியாது.

பத்து வருஷ கஸ்டமர் எனக்கு 9.4, நேத்து வந்தவனுக்கு 8.6. இது எந்த ஊர் நியாயம்?

நியாயமே இல்லை, ஆனால் விதிமீறலும் இல்லை. போட்டியில் புது ஆளைப் பிடிக்க வங்கி ஸ்பிரெட்டைக் குறைக்கிறது. பழைய ஒப்பந்தங்களில் பழைய ஸ்பிரெட்டே ஓடுகிறது. நீங்கள் கேட்காதவரை யாரும் குறைக்க மாட்டார்கள்.

எம்.சி.எல்.ஆர். அல்லது பேஸ் ரேட் கடன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல பிடி ஒன்று உண்டு. முன்கட்டணம் இல்லாமல் கடனை முடிக்கும் உரிமை இருப்பவர், நியாயமான நிர்வாக, சட்டச் செலவு தவிர வேறு கட்டணம் இல்லாமல் வெளி அளவுகோலுக்கு மாறலாம். மாறும்போது, அதே வகை, அதே காலம், அதே தொகைக்குப் புதுக் கடன் வாங்குபவருக்குக் கிடைக்கும் வட்டியே கிடைக்க வேண்டும். ஏற்கெனவே ரெப்போவில் இருப்பவர்கள் பேரம்தான் பேச வேண்டும். வேறு வங்கியின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அப்போ வேற பேங்க்குக்கு மாத்திடறதுதான் சரியா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 லட்சம் பாக்கி, வட்டி 0.75 குறைகிறது என்றால் முதல் ஆண்டு மிச்சம் 18,750 ரூபாய் அளவில். செலவுப் பக்கம் செயல்பாட்டுக் கட்டணம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் கட்டணம். தமிழ்நாட்டில் இதற்கு மேல் பத்திர ஒப்படைப்புப் பதிவு, அதாவது எம்.ஓ.டி.; கடன் தொகையில் அரை சதவீத முத்திரைத் தீர்வையும், ஒரு சதவீதப் பதிவுக் கட்டணமும், இரண்டும் உச்சவரம்புக்கு உட்பட்டு. பழைய வங்கியின் எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீதையும் பதிய வேண்டும். அதை மறந்தால் வில்லங்கச் சான்றில் பழைய கடன் நின்றுகொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 40,000 ஆனால் செலவை மீட்கவே இரண்டு ஆண்டுக்கு மேல். மீதிக் காலம் பத்து ஆண்டுக்கு மேல், வித்தியாசம் அரை சதவீதத்துக்கு மேல் என்றால் மாறுவது பெரும்பாலும் லாபம்.

பலரும் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. 14 ஆண்டு மீதி இருந்த கடனைப் புது வங்கி மறுபடி 20 ஆண்டாக்கி, "இ.எம்.ஐ. எவ்வளவு குறைஞ்சுது பாருங்க" என்று காட்டும். மீதிக் காலத்தை அப்படியே வைக்கச் சொல்லுங்கள். பழைய கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்கள் திரும்ப வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி இருக்கிறது. கடன் வாங்கியபோது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை முதலிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

ஃபிக்ஸட் வட்டிக்கு மாறிட்டா தலைவலி விட்டுடுமா?

ஃபிக்ஸட் வட்டி வழக்கமாக ஃப்ளோட்டிங்கைவிடக் கூடுதல். பல திட்டங்களில் முதல் இரண்டு, மூன்று ஆண்டு மட்டுமே நிலையாக இருந்து, பிறகு ஃப்ளோட்டிங் ஆகிவிடும். மாற்றும் வசதி தருவதையும் 2025 அக்டோபரிலிருந்து வங்கியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். வட்டி உச்சத்தில் இருக்கும்போது பயந்துபோய் ஃபிக்ஸடுக்கு மாறினால், உச்ச வட்டியைப் பூட்டிக்கொண்டது போல ஆகும்.

வட்டி கூடக் கட்டினா வருமான வரியில கழிச்சுக்கலாமே?

பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் வட்டிக் கழிவு. 30 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் முதல் ஆண்டு வட்டியே அதைத் தாண்டிவிடும். தாண்டியதற்குச் சலுகை இல்லை. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவே கிடையாது.

ஓம்பட்ஸ்மேன்கிட்ட போனா வட்டியைக் குறைப்பாங்களா?

"வட்டி அதிகம்" என்று மட்டும் எழுதினால் தள்ளுபடியாகும். வங்கியின் வணிக முடிவுகளில் ஓம்பட்ஸ்மேன், அதாவது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், தலையிட மாட்டார். விதி எங்கே மீறப்பட்டது என்று எழுதுங்கள்: சம்மதம் இல்லாமல் காலம் நீட்டப்பட்டது, தவணை வட்டியை ஈடுகட்டவில்லை, காலாண்டு ஸ்டேட்மென்ட் வரவில்லை, காரணமில்லாமல் ஸ்பிரெட் கூடியது, முன்கட்டணம் பிடித்தார்கள். இவை விசாரிக்கப்படும்.

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற இணையப் புகார் தளத்தில் பதியலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. வழிகாட்டலுக்கு 14448 என்ற எண். தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக்கடன் நிறுவனத்தின் மீது புகார் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் கிரிட்ஸ் என்ற புகார் தளத்துக்குப் போக வேண்டும். ஆறாம் கேள்வியில் சொன்ன முத்திரை வாங்கிய கடிதமே இந்த எல்லா இடத்துக்கும் முதல் ஆவணம்.

எல்லாருமா சேர்ந்து இ.எம்.ஐ. கட்டறதை நிறுத்தினாத்தான் இவங்களுக்குப் புத்தி வரும். பண்ணலாமா?

தயவுசெய்து வேண்டாம். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன். பிறகு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு. அதற்குப் பின் நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தும் வழி வங்கிக்குத் திறந்துவிடும். சேர்ந்து நிறுத்தியவர்கள் யாரும் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். சேர்ந்து செய்ய வேண்டுமென்றால், ஒரே குடியிருப்பில் ஒரே வங்கியில் கடன் வாங்கியவர்கள் ஒரே நாளில் தனித்தனியாக அந்தக் கடிதத்தைக் கொடுங்கள்.

உண்மையிலேயே கட்ட முடியாத நிலை என்றால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே மறுசீரமைப்புக் கேட்டு எழுதுங்கள். 60 நாள் அறிவிப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா? ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுத்தால் அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். 45 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.